தலைமடைக் காடும் கடைமடைக் கடனும்

நான் எடுத்துக்கொண்ட பொருள் உலு மூடா. கெடா மாநிலத்தின் கிழக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 160,000 ஹெக்டரில் விரிந்து கிடக்கும் காடு அது. யானைகளும் காட்டெருமைகளும் வந்து மண் தின்னும் உப்பு நிலங்களும், கூட்டங்கூட்டமாக இருவாச்சிப் பறவைகள் இரைதேடும் உயர்ந்த மரங்களும் அங்கே உண்டு. அந்தக் காட்டை இந்த ஜார்ஜ் டவுனில் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஆனால் பினாங்கின் குழாய்களில் வரும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அங்கே ஊற்றெடுக்கும் மூடா ஆற்றின் நீர். செபராங் பிறையின் வடகோடியில் லஹார் தியாங்கில் அதை எடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலடிக் குழாய்கள் வழியாகத் தீவுக்கு அனுப்புகிறார்கள். மெங்குவாங் அணை நிரம்புவதும் பெரும்பாலும் இந்த ஆற்றிலிருந்து இறைக்கும் நீரால்தான். ஆயர் ஈத்தாம் அணையும் தெலுக் பஹாங் அணையும் தீவின் சொந்த மழையில் நிரம்புகின்றன. அவை இரண்டும் சேர்ந்தாலும் இந்த மாநிலத்தின் தாகம் தணியாது.

அந்தக் காட்டில் பல பத்தாண்டுகளாக மரம் வெட்ட உரிமம் தரப்பட்டு வந்திருக்கிறது. வெட்டக்கூடாது என்ற குரலும் அதே அளவு பழையது. அண்மைக் காலமாக மரத்தோடு அரிய மண் தாதுவும் பேச்சில் சேர்ந்திருக்கிறது. இந்த வழக்கை வளர்ச்சி ஒரு பக்கம், இயற்கை மறு பக்கம் என்று பிரித்து வைத்துப் பேசுவது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. அப்படிப் பேசும்போது வெட்டுகிறவர் பேராசைக்காரராகவும் காக்கச் சொல்கிறவர் நல்லவராகவும் தெரிகிறார்கள். எனக்கு அந்தப் பிரிவினையில் நம்பிக்கை இல்லை. காட்டை வெட்டினால் வருமானம், விட்டுவைத்தால் ஒன்றும் இல்லை என்ற கணக்கை நம் நாட்டின் அரசியலமைப்பே எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைத் திருத்தாதவரை எந்த அறிவுரையும் உலு மூடாவைக் காப்பாற்றாது. திருத்துவதற்கு ஆகும் செலவில் கணிசமான பங்கைத் தரவேண்டியவர்கள் கடைமடையில் இருந்து அந்த நீரைக் குடிக்கும் பினாங்கு மக்களாகிய நாம். இதுவே இந்த உரையின் வாதம்.

முதலில் அரசியலமைப்பைப் பார்ப்போம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை நிலத்தையும் காட்டையும் மாநிலங்களின் கையில் கொடுக்கிறது. பத்தாவது அட்டவணையின் மூன்றாம் பகுதி மாநிலங்களுக்கு உரிய வருவாய் மூலங்களைச் சொல்கிறது. அந்தப் பட்டியலின் முதல் வரி கள்ளுக்கடை வருமானம். இரண்டாவது வரி நிலம், சுரங்கம், காடு ஆகியவற்றிலிருந்து வரும் வருமானம். வருமான வரி, நிறுவன வரி, சுங்கவரி போன்ற பெரிய ஊற்றுகளெல்லாம் மத்திய அரசுக்கு. மத்திய அரசு திருப்பித் தரும் மானியங்களில் அரசியலமைப்பே உறுதி செய்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடப்படும் தலைக்கணக்கு மானியம். மற்றது பராமரிக்கும் சாலையின் நீளத்தை வைத்துக் கணக்கிடப்படும் சாலை மானியம். ஆக, மாநிலத்தில் மனிதர்கள் கூடினால் பணம் வரும், சாலை நீண்டால் பணம் வரும். ஒரு மாநிலத்தின் பாதி நிலம் காடாக இருந்தால், அந்தக் காட்டுக்காக இந்த மானியங்களில் ஒரு காசும் வராது. மரத்தை விற்றால் வரும், தாது தோண்ட அனுமதித்தால் வரும். கெடாவில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் உலு மூடாவைப் பற்றி ஒரே மாதிரி பேசுவதன் காரணம் மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரில் உட்கார்ந்திருப்பவர்களின் குணத்தில் இல்லை. இந்த அட்டவணையில் இருக்கிறது.

இதே அமைப்பை உலகின் மறுகோடியிலும் காணலாம். கனடாவின் அல்பெர்ட்டா மாநிலத்துக்கு 1930இல் மத்திய அரசு இயற்கை வளங்களின் உரிமையை மாற்றிக் கொடுத்தது. அந்த மண்ணுக்கடியில் ஏறத்தாழ 142,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் தார் கலந்த மணல் இருக்கிறது. எண்ணெய் மணல் என்று அதைச் சொல்கிறார்கள். 1967இல் பெரிய அளவில் தொடங்கிய தொழில், மேலே கிடக்கும் ஊசியிலைக் காட்டையும் சதுப்பையும் சுரண்டி எடுத்துவிட்டு மணலைத் தோண்டுகிறது. ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டு டன் மணலைக் கழுவ வேண்டும். கழுவிய நீர் கழிவுக் குளங்களில் தேங்குகிறது. 2008 ஏப்ரலில் அப்படி ஒரு குளத்தில் இறங்கிய வாத்துகள் ஆயிரத்து அறுநூறுக்கு மேல் செத்தன. அதாபாஸ்கா ஆறு இந்தச் சுரங்கங்களின் ஊடே வடக்கு நோக்கி ஓடி, 1983இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட வுட் பஃபலோ தேசியப் பூங்காவின் கழிமுகத்தில் சேர்கிறது. அங்கே ஃபோர்ட் சிப்பெவையன் என்ற சிற்றூரில் பூர்வகுடி மக்கள் அந்த ஆற்று மீனை உண்டு வாழ்கிறார்கள். கேர்ள் என்ற சுரங்கத்தில் 2022 மே மாதம் கசிவு தெரியவந்தது. 2023 பிப்ரவரியில் அங்கேயே இன்னொரு குளத்திலிருந்து 53 லட்சம் லிட்டர் கழிவுநீர் வழிந்தது. முதல் கசிவின் முழு நிலை கீழாற்று மக்களுக்குத் தெரிய ஒன்பது மாதம் ஆனது. மாநிலக் கஜானாவுக்கு உரிமத்தொகை வந்துகொண்டே இருந்தது. சிப்பெவையனுக்கு வந்தது ஐயம் கலந்த தண்ணீர். எண்ணெய் மணலை ஆதரிப்பவர்கள் வேலைவாய்ப்பைச் சொல்கிறார்கள், எதிர்ப்பவர்கள் காட்டைச் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் முடிவெடுப்பவரின் வரவுக் கணக்கில் சிப்பெவையனுக்கு என்று ஒரு பத்தியே இல்லை என்பதுதான் அந்த விவாதம் அரை நூற்றாண்டாக முடியாமல் இருப்பதற்குக் காரணம்.

உலு மூடாவின் தலைமடையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே நம்மவர்களும் தவறாகச் சொல்வதுண்டு. மூடா அணையும் பெடு அணையும் 1960களின் பிற்பாதியில் உலக வங்கிக் கடனோடு கட்டப்பட்டன. மூடா அணையின் நீர்ப்பிடிப்பு ஏறத்தாழ 984 சதுர கிலோமீட்டர். ஆனால் அதன் கொள்ளளவு சிறியது. பெடுவின் நீர்ப்பிடிப்பு ஏறத்தாழ 171 சதுர கிலோமீட்டர்தான். கொள்ளளவோ மூடாவைப்போல் ஆறேழு மடங்கு. எனவே மூடாவில் விழும் மழையை மலையைக் குடைந்த ஒரு சுரங்க வழியாகப் பெடுவுக்கு அனுப்பி அங்கே சேமிக்கிறார்கள். பின்னர் அது ஏறத்தாழ 100,000 ஹெக்டர் நெல்வயலுக்கு, நாட்டின் நெல் விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தரும், மூடா வேளாண் மேம்பாட்டு ஆணையமான மாடாவின் வயல்களுக்குப் போகிறது. மூடா அணைக்குக் கீழே ஓடுவது சீக், பாலிங் மலைகளின் கிளையாறுகளும், 2004இல் முடிந்த பெரிஸ் அணை திறந்துவிடும் நீரும். பினாங்கு எடுப்பது இந்தக் கீழ்ப்பகுதி நீரை. ஆகவே உலு மூடாவின் மழை முழுவதும் நேரே நம் குழாய்க்கு வருகிறது என்று சொல்வது பிழை. மேலே குறைந்தால் நெல்லுக்கும் குடிநீருக்கும் இடையில் பங்குச் சண்டை வரும், அதில் இரண்டு பக்கமும் தோற்கும் என்பதே சரியான வாசகம்.

இன்னொரு பிழை இதைவிடப் பெரியது. மரம்தான் மழையைத் தருகிறது, மரத்தை வெட்டினால் ஆறு வற்றும் என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. நெகிரி செம்பிலானின் பெரம்புன் காட்டில் நம் நாட்டு வன ஆராய்ச்சியாளர்கள் 1980களில் சிறு நீர்ப்பிடிப்புகளை அளந்து நடத்திய சோதனை வேறொன்றைச் சொன்னது. மரங்களை வெட்டியபின் ஓடையில் நீர் கூடியது. மரம் வேரால் உறிஞ்சி இலையால் ஆவியாக்கும் நீர் மிச்சமானதே அதற்குக் காரணம். வெட்டுமரத் தரப்பு இந்த முடிவைக் காட்டி, ‘பாருங்கள், வெட்டுவது தண்ணீருக்கு நல்லது’ என்று சொன்னால் நாம் வாயடைத்துப் போகக்கூடாது. கூடுதல் ஓட்டம் முதல் சில ஆண்டுகளுக்கு உரியது. இளமரம் வளர வளர அது குறையும். அதோடு, நமக்கு வேண்டியது ஆண்டு மொத்தத்தில் எத்தனை லிட்டர் என்பது மட்டுமன்று. எந்த மாதத்தில் வருகிறது, எவ்வளவு மண்ணோடு வருகிறது என்பதும் வேண்டும். மரக்கட்டையை இழுத்துவர வெட்டும் சாலைகளும் இழுவைத் தடங்களும்தான் காட்டின் மண்ணை அதிகம் கிளறுகின்றன. புல்டோசர் மிதித்த மண்ணில் மழைநீர் இறங்காமல் மேலாக ஓடுகிறது, சேற்றை அடித்துக்கொண்டு வருகிறது. கொள்ளளவு குறைந்த மூடா அணைக்குச் சேறுதான் முதல் எதிரி. படிந்த சேறு அணையின் ஆயுளைக் குறைக்கிறது. ஆற்றில் கலந்த சேறு சுத்திகரிப்பு நிலையத்தின் செலவைக் கூட்டுகிறது, கலங்கல் மிகுந்தால் நீரெடுப்பையே நிறுத்த வைக்கிறது. காடு தண்ணீரை உற்பத்தி செய்வதில்லை. வந்த தண்ணீரைப் பதமாகக் கொடுக்கிறது. இப்படிச் சொன்னால் நம் வாதம் சிறுத்துப்போனதாகத் தோன்றலாம். ஆனால் இந்த அளவுக்குள் அதை யாராலும் மறுக்க முடியாது.

தேர்ந்தெடுத்து வெட்டும் முறைதானே நடக்கிறது, காடு திரும்ப வளருமே என்பார்கள். கவனமாக வெட்டினால் சேதம் குறைகிறது என்று அதே பெரம்புன் ஆய்வுகளே காட்டின, அதை மறுக்கவில்லை. சாதாரண உற்பத்திக் காட்டில் அந்த முறைக்கு இடம் உண்டு. ஆனால் கவனம் என்பது காவல், ஆள்பலம், சாலைக்கு எல்லை, ஓடைக்கரையில் இடைவெளி எல்லாம் சேர்ந்தது. வெட்டினால்தான் வருமானம் என்ற அமைப்பில், அந்தக் காவலுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும் மாநில வருமானத்தைக் குறைக்கும் ரிங்கிட்டாகிறது. கெடாவுக்குள்ளேயே நடந்த ஒன்றையும் பார்க்க வேண்டும். 2022 ஜூலை 4ஆம் நாள் குனோங் இனாஸ் மலையிலிருந்து மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வந்த வெள்ளம் பாலிங் வட்டாரத்தின் கூப்பாங்கில் மூன்று உயிர்களை வாங்கியது. மலைமேல் தோட்டத்துக்காகக் காடு அழிக்கப்பட்டது காரணம் என்றார்கள் சூழல் அமைப்பினர், அளவு மீறிய மழை காரணம் என்றது அரசுத் தரப்பு. எது எவ்வளவு என்ற வாதத்துக்குள் போகாமலே ஒன்றைச் சொல்லலாம். கூப்பாங் மக்களும் கெடா மக்கள்தாம். தலைமடை மாநிலத்துக்கு உள்ளேயும் ஒரு கடைமடை இருக்கிறது. காட்டைக் காப்பது பினாங்குக்காக கெடா செய்யும் தியாகம் மட்டுமே என்று சொல்வது அவர்களுக்கு நியாயம் செய்யாது.

மத்திய அரசு அதட்டினால் போதாதா என்று கேட்கலாம். 1977இல் பகாங் மாநிலம், பூங்காவாக்கத் திட்டமிட்டிருந்த எண்டாவ்-ரொம்பின் காட்டின் உள்ளே மரம் வெட்ட அனுமதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது, மத்திய அரசும் அழுத்தம் கொடுத்தது, மறு ஆண்டு வெட்டு நின்றது. நம் நாட்டுச் சூழல் இயக்கத்தின் முதல் பெரிய வெற்றி அது. இந்த ஊரில் பிறந்த பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் அமைப்பும் வளர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். ஆனால் அதன் மறுபாதியையும் பார்க்க வேண்டும். எண்டாவ்-ரொம்பின் மத்திய அரசின் தேசியப் பூங்காவாக ஆகவே இல்லை. ஜோகூர் தன் பகுதியைத் தன் சொந்தச் சட்டத்தின் கீழ் பூங்காவாக்கிக்கொண்டது. 1980இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. அதன்கீழ் முதல் பூங்கா அறிவிக்கப்பட்டது 2003இல், அதுவும் நம் தெலுக் பஹாங்கில் உள்ள சிறிய காடு. இருபத்து மூன்று ஆண்டுகள் எந்த மாநிலமும் அந்தச் சட்டத்துக்குத் தன் நிலத்தைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்தச் சட்டத்தில் விடை இல்லை. அதட்டல் ஒரு வெட்டை நிறுத்தும். அடுத்த தேர்தலுக்குப்பின் வரும் அடுத்த உரிமத்தை நிறுத்தாது.

இனிக் காசு. கெடா நீண்ட நாளாக பினாங்கிடம் மூடா ஆற்று நீருக்குக் கட்டணம் கேட்கிறது. ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் என்ற தொகை பலமுறை பேசப்பட்டது. தன் எல்லைக்குள் ஓடும் ஆற்றிலிருந்து தன் கரையில் நின்று எடுக்கும் நீருக்குப் பணம் தரத் தேவையில்லை என்று பினாங்கு மறுத்து வந்திருக்கிறது. சட்டப்படி யார் சரி என்பதை வழக்கறிஞர்களுக்கு விடுகிறேன். சுத்திகரிக்காத நீரின் வருமானம் மாநிலத்துக்கு உரியது என்று பத்தாவது அட்டவணை சொல்வதும் உண்மை. ஆற்றின் கீழ்ப்பகுதி இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுவதும் உண்மை. நான் சொல்ல வருவது வேறு. அந்தத் தொகையின் அளவைப் பாருங்கள். பினாங்கு நாளொன்றுக்கு 80 கோடி லிட்டருக்கு மேல் செலவழிக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 29 கோடி கன மீட்டர். 5 கோடி ரிங்கிட்டை இதில் பரப்பினால் கன மீட்டருக்கு 17 சென். மாதம் 25 கன மீட்டர் புழங்கும் குடும்பத்துக்கு நாலு ரிங்கிட் சொச்சம். நாட்டிலேயே மிகக் குறைந்த நீர்க்கட்டணம் என்று பினாங்கு பல ஆண்டுகள் பெருமை பேசியது. ஆளுக்கு அதிக நீர் புழங்கும் மாநிலங்களில் ஒன்றாகவும் அது இருந்து வந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றுதான் 2010இல் மாதம் 35 கன மீட்டருக்கு மேல் புழங்கும் வீடுகளுக்கு நீர்ச்சேமிப்புக் கூடுதல் கட்டணம் கொண்டுவரப்பட்டது. வழிமுறை ஏற்கெனவே கையில் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சில்லு செய்யும் ஆலைகளுக்குத் தடையற்ற தூய நீர் எவ்வளவு பெறுமானமுள்ளது என்று அந்த ஆலைகளிடமே கேட்டுப் பார்க்கலாம். வீட்டுக்காரரைவிட அவர்கள் கூடுதலாகத் தரமுடியும், தரவேண்டும்.

இங்கே எழும் மறுப்பு வலுவானது. இது மிரட்டலுக்குப் பணிவதாகாதா? பணத்தை வாங்கிக்கொண்டு வெட்டவும் செய்தால்? இந்த ஐயம் நியாயமானது. கெடா கேட்பது நீருக்கான விலை. பினாங்கு தரவேண்டியது காட்டுக்கான ஈடு. இரண்டும் ஒரே தொகையாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் வெவ்வேறாக இருக்கவேண்டும். ஓடும் நீருக்கு விலை கொடுத்தால், காடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். நிற்கும் காட்டுக்குக் கொடுத்தால், ஆண்டு முடிவில் துணைக்கோள் படத்தைப் பார்த்து, காடு நின்ற அளவுக்குக் கொடுக்கலாம். நீர்ப்பிடிப்பு முழுவதும் வெட்டு நிறுத்தப்பட்ட காப்பகமாக அரசிதழில் வெளிவருவது முதல் தவணைக்கு நிபந்தனையாகட்டும். முல்லைப் பெரியாறு ஒப்பந்தம் தமிழர்கள் நன்கறிந்தது. 1886இல் திருவிதாங்கூர் 8,000 ஏக்கரை ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய்க் குத்தகைக்குக் கொடுத்தது. 1970இல் அது முப்பது ரூபாய் ஆனது. நீரைப் பெறும் பக்கம் கொடுக்கும் பக்கத்துக்குப் பணம் கட்டுவது நம் மக்களுக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் அந்தப் பணம் நீரில் மூழ்கிய நிலத்துக்கு. அணையைச் சுற்றியிருந்த பெரியாற்றுக் காட்டைக் காத்தது 1899இல் தனியாக வந்த காப்புக்காட்டு அறிவிப்பு. பணமும் காப்பும் ஒரே தாளில் இல்லாததால், கேரளமும் தமிழ்நாடும் அணையின் நீர்மட்டத்தைப் பற்றி எவ்வளவு சண்டையிட்டாலும், காட்டைப் பற்றிச் சேர்ந்து பேச அவர்களுக்கு ஒரு மேடை அமையவில்லை. நியூயார்க் நகரம் 1997இல் செய்தது இதற்கு மாறானது. மேலாற்று மலைப்பகுதியில் நிலம் வாங்கவும், உழவர்களின் தொழுவக் கழிவைக் கட்டுப்படுத்தவும், ஊர்களின் சாக்கடையைச் சீர்செய்யவும் நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட ஒப்புக்கொண்டது. அதற்கு ஈடாகப் பல நூறு கோடி டாலர் விலையுள்ள வடிகட்டு நிலையத்தைக் கட்டாமல் தப்பித்தது. மேலாற்று ஊர்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தும் பேச்சுரிமையும் இருந்தன.

மத்திய அரசின் பங்கு இல்லாமல் இந்த ஈட்டு ஏற்பாடு நிற்காது. 2019ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் 6 கோடி ரிங்கிட்டோடு தொடங்கிய சூழலியல் நிதிப் பகிர்வு, 2024இல் 20 கோடியாகவும் 2025இல் 25 கோடியாகவும் உயர்ந்திருக்கிறது. காட்டை வைத்திருப்பதற்காக மாநிலத்துக்குப் பணம் என்ற கொள்கையை நாடு ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதே இதில் பெரிய செய்தி. ஆனால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 25 கோடி. கெடா பினாங்கிடம் மட்டும் கேட்ட தொகை அதில் ஐந்தில் ஒன்று. அதோடு இது ஆண்டுதோறும் நிதியமைச்சரின் மனத்தைப் பொறுத்தது. தலைக்கணக்கு மானியத்தைப்போல் அரசியலமைப்பில் இடம்பெற்றது அன்று. இந்தியாவில் 14ஆவது நிதிக்குழு, மாநிலங்களுக்கு வரிப்பங்கைப் பிரிக்கும் சூத்திரத்தில் காட்டுப்பரப்புக்கு 7.5 விழுக்காடு எடை கொடுத்தது. 15ஆவது குழு அதை 10 ஆக்கியது. அங்கே குறை வேறு. காட்டின் பேரால் வந்த பணத்தைக் காட்டுக்குச் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நமக்கு இரண்டும் வேண்டும். சூத்திரத்தில் நிரந்தர இடமும் வேண்டும், நிபந்தனையும் வேண்டும்.

அரிய மண் பற்றிய மறுப்பு புதியது. மின்வண்டிக்கும் காற்றாலைக்கும் இந்தத் தாதுகள் தேவை, புவி வெப்பமடைவதைத் தடுக்க நினைப்பவர்களே இதை எதிர்க்கலாமா என்று கேட்கிறார்கள். தேவை உண்மையே. ஆனால் எடுக்கும் முறையைப் பாருங்கள். களிமண் மலையில் துளைபோட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை உள்ளே செலுத்தி, அது தாதுவைக் கரைத்துக்கொண்டு கீழே வடிவதைச் சேகரிக்கிறார்கள். மேலே மரம் நிற்கிறது என்று படம் காட்டுவார்கள். சேகரிப்பில் தப்பியது நிலத்தடி நீருக்குப் போகிறது. சீனத்தின் ஜியாங்சி மலைகளில் அம்மோனியா கலந்த நீரையும் சரிந்த சரிவுகளையும் சீர்செய்யப் பெரும் பொருள் செலவழிந்தது. கெடாவின் சீக் வட்டாரத்தில் புக்கிட் எங்காங் காப்புக்காட்டில் அனுமதியின்றித் தோண்டிய விவகாரம் 2023இல் ஊழல் தடுப்பு ஆணைய விசாரணைவரை போனது. மூடா ஆறு ஓடும் வட்டாரம் அது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982இல் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலை, மக்கள் பல ஆண்டுகள் வழக்காடியபின் 1994இல் மூடப்பட்டது. கழிவைப் புதைத்து முடிக்க அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. அரிய மண் வேண்டாம் என்பதல்ல என் நிலை. நீர்ப்பிடிப்புக் காட்டில் வேண்டாம் என்பது. இந்த நாட்டில் அரிய மண் உள்ள நிலம் பல இடங்களில் இருக்கிறது. இருபது லட்சம் பேருக்குக் குடிநீர் தரும் ஆற்றுக்கு மாற்று அவ்வளவு எளிதில் கிடைக்காது.

மாற்று ஏன் இல்லை, பேராக் ஆறு இருக்கிறதே என்பார்கள். பேராக் ஆற்று நீரைக் கொண்டுவரும் திட்டம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பேச்சில் இருக்கிறது. நீரைப் பதப்படுத்தாமல் தரமாட்டோம், சுத்திகரித்து விற்கிறோம் என்ற இடத்துக்கு பேராக் வந்திருக்கிறது. அதுவும் தன் வளத்துக்கு விலை கேட்கும் மாநிலம்தான், கேட்பதில் தவறும் இல்லை. பேராக் ஆற்றின் தலைமடை பெலும்-தெமெங்கோர் காடு. பெலும் பகுதி 2007இல் அரச பூங்காவானது, தெமெங்கோரில் மரம் வெட்டுவது தொடர்ந்தது. அரிய மண்ணின் முன்னோடித் திட்டம் நடந்த கெனெரிங், அந்தக் காடு இருக்கும் உலு பேராக் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆற்றை மாற்றினாலும் கேள்வி மாறாது. கடல்நீரைக் குடிநீராக்கலாம் என்பவர்கள் அதற்கு ஆகும் மின்சாரத்தின் விலையைச் சேர்த்துச் சொல்லட்டும். 17 சென்னோடு அதை ஒப்பிடலாம்.

கடைசி மறுப்பு நம் பக்கத்து நண்பர்களிடமிருந்து வருவது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். காட்டைத் தண்ணீர்த் தொட்டியாக்கி விலைபோட்டுவிட்டாயே, இருவாச்சிக்கும் யானைக்கும் உன் கணக்கில் இடம் எங்கே என்று அவர்கள் கேட்கிறார்கள். உண்மையில் இடம் இல்லை. ஒரு காட்டின் பெறுமானம் அதன் நீரோடு முடிந்துவிடுவதில்லை. பல நூறு ஆண்டு வளர்ந்த மரத்தில், அதன் பொந்தில் மட்டுமே குஞ்சு பொரிக்கும் ஒரு பறவையின் உரிமை எந்த ஒப்பந்தத்தொகையிலும் அடங்காது. இந்த வாதத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அணைகளுக்கு மேலேயும் ஆற்றங்கரையிலும் இருக்கும் காட்டைத்தான் நீர்க்கணக்கு காக்கும். நீர்ப்பிடிப்புக்கு வெளியே விழும் காப்புக்காடுகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அங்கே உயிரினங்களின் பேரால்தான் போராட வேண்டும். 2022இல் திருத்தப்பட்ட தேசிய வனவியல் சட்டம் காப்புக்காட்டை நீக்குமுன் பொதுமக்களைக் கேட்கச் சொல்கிறது. மாநிலங்கள் அதைத் தங்கள் சட்டமன்றங்களில் ஏற்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். ஆனால் பினாங்கிலிருந்து கொண்டு, கெடாவின் யானைகளுக்காக கெடாவை வருமானத்தை விடச்சொல்வது எளிது. நம் தெற்குக் கரையில் கடலைத் தூர்த்துத் தீவு எழுப்பும்போது, அங்கே மீன்பிடித்துப் பிழைத்தவர்கள் சொன்ன எதிர்ப்பை நம் மாநிலம் எவ்வளவு கேட்டது என்று கெடா மக்கள் திருப்பிக் கேட்டால் பதில் வேண்டும். நம் பங்குப் பணத்தை வைத்துவிட்டுப் பேசும்போது அந்தக் குரலுக்கு வேறு கனம் இருக்கும்.

பணம் யார் கைக்குப் போகவேண்டும் என்பதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முழுவதையும் அலோர் ஸ்டார் கஜானாவில் சேர்த்துவிட்டால், சீக்கிலும் பாலிங்கிலும் காட்டோரம் வாழ்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வெட்டுமர லாரி ஓட்டுபவரும் அதற்குக் கூலி பார்ப்பவரும் அந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள். வெட்டு நின்றால் முதலில் வேலை போவது அவர்களுக்கு. ஈட்டுத்தொகையில் எழுதிவைத்த ஒரு பங்கு அந்த வட்டாரங்களின் ஊராட்சிகளுக்கும், அந்த ஊர் இளைஞர்களையே வனக்காவலர்களாக எடுத்துச் சம்பளம் கொடுப்பதற்கும் போகவேண்டும். இரண்டு மாநிலங்களும் மத்திய அரசும் அமரும் பொறுப்புக்குழுவில் மாடா உழவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் இரண்டு சட்டமன்றங்களிலும் வைக்கப்படவேண்டும். பினாங்கு இதற்கு முதல் அடி எடுத்துவைக்கலாம். நீர்க்கட்டணச் சீட்டில் ‘உலு மூடா’ என்று தனி வரி போட்டு, அந்தத் தொகையை வேறெதற்கும் தொடமுடியாத கணக்கில் சேர்க்கத் தொடங்கலாம். கெடாவோடு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள்வரை அது அங்கேயே வளரட்டும்.